சிறுகதையில் எல்லாம் அறிந்த கதைசொல்லி: எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிறுகதைப் பயிலரங்குகளில் புதியவர்களுக்கு முதலில் சொல்லப்படும் விதிகளில் ஒன்று, கதையை ஒரே பாத்திரத்தின் பார்வையில் கடைசிவரை கொண்டுபோக வேண்டும் என்பது. பயிற்சிக்கு அது நல்ல விதிதான். கை பழகும்வரை தடுமாற்றத்தைக் குறைக்கிறது. ஆனால் அதையே சட்டமாக வைத்துக்கொள்கிறவர், காப்பிய காலத்திலிருந்து தமிழில் கையாளப்பட்டு வரும் ஒரு சொல்முறையைத் தொட்டுப் பார்க்காமலே போய்விடுகிறார். கதைக்குள் பாத்திரமாக வராமல், எந்த மனத்துக்குள்ளும் நுழையக்கூடியவராக, நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்லக்கூடியவராக இருக்கும் கதைசொல்லியைத்தான் ‘எல்லாம் அறிந்த கதைசொல்லி’ என்கிறோம். இந்தக் கட்டுரை, அவரைச் சிறுகதை என்ற சின்ன இடத்துக்குள் எப்படிக் கையாள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறது.

முதலில் இவருடைய தனித்தன்மை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பல மனங்களுக்குள் போய்வருவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, எந்தப் பாத்திரத்துக்கும் தெரியாததைச் சொல்லும் உரிமை இவருக்கு இருக்கிறது என்பது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், சிலம்பை விற்பதற்காகக் கோவலன் ஆயர்களின் இருப்பிடத்திலிருந்து புறப்பட்டுத் தெருவில் நடக்கும்போது திமில் பெருத்த காளை ஒன்று எதிர்ப்படுகிறது. ‘இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான்’ என்கிறார் இளங்கோ, அது தீய சகுனம் என்று அவனுக்குத் தெரியாது என்ற பொருளில். அதோடு நிற்காமல், ‘தன்குலம் அறியும் தகுதியன்று ஆதலின்’, அதாவது அவன் குலத்தார் அறியக்கூடியதல்ல அது, என்று காரணத்தையும் சேர்க்கிறார். கோவலன் அறியாதது எது, ஏன் அவன் அறிந்திருக்க வழியில்லை என்ற இரண்டையும் கோவலனின் பார்வையிலேயே நிற்கும் ஒருவரால் சொல்லவே முடியாது. அதே காதையில், தான் களவாடிய சிலம்பு வெளிப்படுமுன் இந்த அயலூரான் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று பொற்கொல்லன் மனத்துக்குள் போடும் கணக்கும், ஊடலை மறைத்துத் தலைநோவு என்று காரணம் காட்டிவிட்டு அகலும் அரசியின் உள்ளமும், அவளைத் தேற்றப் போகும் அரசனின் அவசரமும் அடுத்தடுத்து வருகின்றன. திருடன் யார் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதனால் பதைப்பு குறையவில்லை, கூடுகிறது.

(இதற்கு நேர் எதிரான மரபும் நம்மிடம் உண்டு. சங்க அகப்பாடல்களில் கவிஞர் தம் குரலில் பேசுவதே இல்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என எல்லாம் யாரோ ஒருவருடைய கூற்றாகவே அமையும். ஒற்றைப் பார்வைக் கதையை எழுதிப் பழக விரும்புகிறவர் குறுந்தொகையிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.)

தேவையா என்று பார்த்தல்

எழுத உட்காருமுன் உங்கள் கதையின் மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அது ஒருவருடைய மனத்துக்குள் நடக்கும் மாற்றம் என்றால் எல்லாம் அறிந்த கதைசொல்லி வேண்டாம். படர்க்கையில் அந்த ஒருவரையே ஒட்டி எழுதினால் போதும், அல்லது தன்மையில் எழுதலாம். மையம் பலருக்கு நடுவே இருந்தால், அதாவது ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாததால் ஏதோ ஒன்று கெட்டுப்போகிறது என்றால், அங்கே இவருக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. கதைக்குத் தேவையான ஒரு செய்தியை வாசகருக்குத் தெரிவிப்பதற்காக யாரையாவது கதவுக்குப் பின்னால் நிறுத்தி ஒட்டுக்கேட்க வைக்கிறீர்களா என்று பாருங்கள். வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் வெளிவந்தது. அதில் கதை சொல்வது ஒரு மரம். பல தலைமுறைகளைக் கண்ட மரம் என்பதால் அது எல்லாம் அறிந்தது போலத் தோன்றும், ஆனால் அப்படியில்லை. தன் நிழலில் நடந்ததையும் பேசப்பட்டதையும் மட்டுமே அது சொல்ல முடியும். கதையில் வரும் கணவன் நாகராஜனின் உண்மையான எண்ணம் நமக்குத் தெரிய வேண்டுமென்றால், அவன் அந்தக் குளத்தங்கரைக்கு வந்து நண்பனிடம் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மரத்தின் வாஞ்சையான குரல் அந்தக் கதைக்கு அவ்வளவு பொருந்துவதால் இந்த ஏற்பாட்டை நாம் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் கதையில் அப்படியொரு குரல் இல்லாமல் ஒட்டுக்கேட்பு மட்டும் இருந்தால், கதைசொல்லியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

குரலை முடிவு செய்தல்

எல்லாம் அறிந்தவர் என்பதால் அவர் குணமற்றவராக, செய்தி வாசிப்பவரைப் போல, இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையில் புதியவர்களின் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன: பல மனங்களுக்குள் போகிறார்கள், போய்வருகிறவர் யார் என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் முதல் வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். ஊர்ப்பெயர், தலைப்பெழுத்துகள், ‘பிள்ளையவர்கள்’ என்ற மரியாதை எல்லாம் சேர்த்து மேடையில் அறிமுகப்படுத்துவது போல ஒருவரைக் கொண்டுவந்து, சென்னையின் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் ஓரமாக நிற்க வைக்கிறது கதை. அவர் வெகு தீவிரமாகச் சிந்திக்கிறார் என்றும் சொல்கிறது. அந்தச் சிந்தனைக்குள் நுழைந்தால், டிராமுக்குக் கொடுத்தால் என்ன மிஞ்சும், அந்தக் காசில் வெற்றிலை பாக்குப் போடலாமா என்ற காலணாக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் பெரிய மரியாதையும் உள்ளே இருக்கும் சின்னக் கணக்கும் மோதும் இடத்தில்தான் கதைசொல்லியின் குணம் தெரிகிறது. பிறகு கடவுளே எதிரே வந்து நின்றாலும் நாம் திடுக்கிடுவதில்லை. எதையும் இதே குரலில் சொல்லிவிடக்கூடிய ஒருவர் பேசுகிறார் என்பதை அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

எனவே கதையைத் தொடங்குமுன் அரைப் பக்கம் வேறொன்றை எழுதிப் பாருங்கள். உங்கள் கதை நடக்கும் தெருவையோ அலுவலகத்தையோ பற்றி, கதை எதுவும் சொல்லாமல், கதைசொல்லி பேசட்டும். அவர் நக்கல்காரரா, இரக்கப்படுகிறவரா, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவரா என்பது அந்த அரைப் பக்கத்தில் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் இன்னும் அரைப் பக்கம் எழுத வேண்டும்.

தொடக்கத்திலேயே அனுமதி பெறுதல்

வாசகர் முதல் இரண்டு பத்திகளுக்குள் கதையின் விதிகளைக் கற்றுக்கொள்கிறார். மூன்று பக்கம் ஒரே பெண்ணின் மனத்துக்குள் இருந்துவிட்டு நான்காம் பக்கத்தில் அவள் கணவனின் மனத்துக்குள் தாவினால், அது தவறு என்றே படும். ஆகவே, ஒருவருடைய பார்வைக்கு அடங்காத ஒரு செய்தியைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ஊரின் வழக்கம், ஒரு வீட்டின் பழைய வரலாறு, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடப்பது என எதுவாகவும் அது இருக்கலாம். நாவலில் இதற்கு ஓர் அத்தியாயம் முழுவதும் இடம் உண்டு. சிறுகதையில் ஒன்றிரண்டு வாக்கியங்கள்தான்.

மனம் விட்டு மனம் செல்லுதல்

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சார்பதிவாளர் அலுவலகத்தில், தந்தையின் வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். பழகாத கை இப்படி எழுதும்:

“சரஸ்வதி பேனாவை வாங்கினாள். அம்மா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று நினைத்தாள். அக்கா ஏன் தாமதிக்கிறாள் என்று முருகேசன் பதறினான். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்று பத்திர எழுத்தர் நினைத்தார்.”

நான்கு வாக்கியங்களில் மூன்று மனங்கள். ஒவ்வொன்றும் வாசலோடு திரும்பிவிடுகிறது. சொல்லப்பட்ட எண்ணங்களும் யாரும் ஊகிக்கக்கூடியவையே. கதைசொல்லி என்று ஒருவர் இருப்பதற்கான அடையாளமே இதில் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

“முகூர்த்த நாட்களில் அந்த அலுவலகத்தில் கூட்டம் அதிகம், வீடு வாங்குகிறவர்களும் வீட்டை விட்டுக்கொடுக்கிறவர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். சரஸ்வதி பேனாவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். பணம் கேட்கப்போகிறாள் என்று முருகேசன் பயந்தான். அவள் பணத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருந்தது. கிழக்கே பொதுப்பாதை, மேற்கே இன்னார் மனை என்று வரிசையாகப் போன விவரத்தில் கொல்லைக் கிணற்றுப் பாத்தியம் விடுபட்டிருந்தது. இருபது வருஷமாகப் பத்திரம் எழுதிவரும் சோமசுந்தரமும் அதைக் கவனித்திருந்தார். தூர்ந்துபோன கிணற்றுக்காக யாரும் மறுபடி முத்திரைத்தாள் வாங்குவதில்லை என்பது அவருடைய அனுபவம். அந்தக் கிணற்றினாலேயே அடுத்த ஆண்டு அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தப்போகிறார்கள் என்பது மூவரில் ஒருவருக்கும் தெரியாது.”

இங்கும் மனங்கள் மூன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் யாருடைய மனத்திலும் இல்லை. அது கதைசொல்லியின் சொந்தச் சொத்து. முருகேசனின் பயத்திலிருந்து சரஸ்வதிக்குப் போகும்போது, அவன் நினைப்பது தவறு என்று மறுக்கும் வாக்கியமே பாலமாகிறது. சரஸ்வதியிடமிருந்து எழுத்தருக்குப் போகும்போது பாலம் பத்திரம். இருவர் கண்ணும் அதில் விடுபட்ட ஒரே விஷயத்தின்மேல் படுகிறது. கடைசி வாக்கியம் எதிர்காலத்தைத் திறந்து காட்டிவிட்டு உடனே மூடிவிடுகிறது. இப்படி ஒரு பொருளையோ ஒரு சத்தத்தையோ ஒரு தவறான ஊகத்தையோ பற்றிக்கொண்டு நகரப் பழகுங்கள். எதிர்காலத்துக்குள் தாவும் வாக்கியத்தை ஒரு கதைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை வைக்கலாம். அதற்கு மேல் போனால் ஜோசியம் சொல்வது போலாகிவிடும்.

எத்தனை மனங்கள் வரை போகலாம் என்று கேட்பார்கள். மூவாயிரம் சொற்களுக்குள் அடங்கும் கதையில் மூன்று, அதிகம் போனால் நான்கு என்பது என் கணிப்பு. மனிதர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. 1936-இல் வந்த ஹெமிங்வேயின் ‘பிரான்சிஸ் மெக்கோம்பரின் குறுகிய மகிழ்ச்சியான வாழ்க்கை’ கதையில், சுடப்படும் சிங்கத்தின் உணர்வுக்குள் கதைசொல்லி நுழைகிறார். அதற்கு வேட்டைக்காரர்களின் வண்டி எப்படித் தெரிகிறது, குண்டு பட்டதும் உடலுக்குள் என்ன நேர்கிறது என்பதெல்லாம் சில வரிகளில் வருகின்றன. அந்தச் சிங்கத்தின் முன்னால்தான் மெக்கோம்பர் பயந்து ஓடினான். அவன் ஓடியது எப்படிப்பட்ட துன்பத்தை அரைகுறையாக விட்டுவிட்டு என்பது அந்தச் சில வரிகளால்தான் நமக்கு உறைக்கிறது.

விகுதியில் தெரியும் கோணம்

பார்வைக் கோணம் பற்றிய வெளிநாட்டு நூல்கள் எவ்வளவு படித்தாலும் இந்தப் பகுதி அவற்றில் கிடைக்காது. தமிழ் வினைமுற்று, கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். மேலே உள்ள பத்தியில் சரஸ்வதிக்கு ‘ஆள்’ விகுதி, முருகேசனுக்கு ‘ஆன்’, எழுத்தருக்கு ‘ஆர்’. அக்காவையும் தம்பியையும் குடும்பத்துக்குள் இருப்பவரைப் போல நெருக்கமாகவும், எழுத்தரை வெளியாள் என்ற மரியாதையோடும் இந்தக் கதைசொல்லி பார்க்கிறார். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ‘ஆள்’ போட்டு, அதே வயது ஆணுக்கு ‘ஆர்’ போடுவதை வெறும் பழக்கத்தால் செய்தால் வாசகர் அதை உங்கள் மனப்போக்காகவே எடுத்துக்கொள்வார். நில உடைமையாளர் ‘வந்தார்’, வயலில் நிற்கும் கிழவர் ‘வந்தான்’ என்று எழுதிய கதைகள் தமிழில் ஏராளம். அவற்றின் கதைசொல்லிகள் எல்லாம் அறிந்தவர்களாக இருந்தாலும் எந்தத் தெருவிலிருந்து பேசுகிறார்கள் என்பது அந்த விகுதியிலேயே வெளிப்படுகிறது.

ஆகவே முதல் வரைவுக்கு முன்பே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எந்த விகுதி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நடுவே மாற்றினால் அது பொருளோடு நிகழ வேண்டும். சோமசுந்தரத்தின் மனத்துக்குள் நீண்ட நேரம் இருக்கப்போகிறீர்கள் என்றால், அந்தப் பத்தியில் சரஸ்வதி ‘அந்த அம்மாள்’ ஆகிவிடுவார். அதுவே பார்வை மாறிவிட்டது என்பதற்குப் போதுமான அறிவிப்பு. உறவுச் சொற்களும் அப்படித்தான். கதைசொல்லியின் வாக்கியத்தில் ‘பெரியப்பா எழுந்தார்’ என்று வந்துவிட்டால், அவரைப் பெரியப்பா என்று அழைக்கும் பிள்ளையின் பார்வைக்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

வருதலும் போதலும் இன்னொரு துப்பு. ‘அவன் அறைக்குள் வந்தான்’ என்றால் கதைசொல்லி அறைக்குள் இருக்கிறார். ‘போனான்’ என்றால் வெளியே நிற்கிறார். இரண்டும் ஒரே பத்தியில் காரணமின்றிக் கலந்தால் வாசகருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாத ஓர் அசௌகரியம் உண்டாகும். ‘போலும்’, ‘ஏதோ’, ‘என்னவோ’ ஆகிய சொற்களையும் கவனியுங்கள். எல்லாம் அறிந்தவர் ‘அவளுக்குக் கோபம் போலும்’ என்றால் அறிந்தும் அறியாதவராக நடிக்கிறார் என்று பொருள். நடிப்பு வேண்டுமென்றே செய்யப்படும்போது நகைச்சுவை பிறக்கும். கைப்பழக்கத்தால் விழுந்தால் அவருடைய அதிகாரம் போய்விடும்.

‘என்று நினைத்தாள்’ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணத்துக்கும் அதை ஒட்டவைத்தால் நடை நொண்டும். ஒருவருடைய மனத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்பது ஒரு முறை தெளிவாகிவிட்டால், பிறகு அவருடைய சொற்களையே அவிழ்த்துவிடலாம்: “கிணற்றை எழுதவில்லையே. கேட்டால் தம்பி முகம் சுருங்கும். கேட்காமல் போனால்?” இதில் ‘என்று’ எங்கும் இல்லை, ஆனாலும் யாருடைய மனம் என்பதில் குழப்பமும் இல்லை.

மறைத்தலில் நேர்மை

எல்லாம் தெரிந்தவர் எதையாவது சொல்லாமல் விட்டால், ஏன் விட்டார் என்ற கேள்வி எழும். ஒருவருடைய மனத்துக்குள் நான்கு முறை போய்வந்துவிட்டு, அவர்தான் குற்றவாளி என்பதைக் கடைசி வரிக்காக ஒளித்து வைப்பது வாசகரை ஏமாற்றுவது. திடுக்கிடும் முடிவு வேண்டுமென்றால் அந்த உண்மை தெரியாத ஒருவரை ஒட்டியே கதையைச் சொல்லுங்கள். 1884-இல் வெளிவந்த மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதை அதன் நாயகி மத்தில்தை விட்டு அதிகம் அகலாததால்தான், நகையைப் பற்றிய கடைசிச் செய்தி அவளோடு சேர்த்து நம்மையும் தாக்குகிறது. அங்கே ஏமாற்று எதுவும் இல்லை.

நேர்மையாக மறைப்பதற்கு வழிகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட மனத்துக்குள் போவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து அதைக் கடைசிவரை காப்பாற்றுவது ஒன்று. மேலே சொன்ன ஹெமிங்வே கதை, சிங்கத்தின் உணர்வுக்குள்ளேயே போகிறது. ஆனால் மெக்கோம்பரின் மனைவியின் உள்ளத்துக்குள் மிகக் குறைவாகவே போகிறது. கடைசியில் அவள் சுட்ட குண்டு கணவனைக் கொல்லும்போது அவள் உள்நோக்கம் என்ன என்று இன்றும் வாசகர்கள் விவாதிக்கிறார்கள். தெரியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவது இன்னொன்று. 1842-இல் வெளிவந்த கோகோலின் ‘மேல்கோட்டு’ கதையில், கடை ஜன்னலில் ஒரு பெண் காலணியைக் கழற்றும் படத்தைப் பார்த்து, அரசு அலுவலக எழுத்தரான அக்காக்கி அக்காக்கியெவிச் சிரிக்கிறார். ஏன் சிரித்தார் என்று கதைசொல்லி ஓரிரண்டு ஊகங்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒருவருடைய மனத்துக்குள் புகுந்து அவர் நினைப்பதையெல்லாம் அறிந்துவிட முடியாதே என்று கையை விரிக்கிறார். அதே கதைசொல்லிதான் அந்த எழுத்தர் தன் புது மேல்கோட்டை வாழ்க்கைத் துணை போலக் கனவு கண்டதை நமக்கு விவரித்தவர். இந்தத் திடீர் அடக்கம் முதலில் வேடிக்கையாகப் படுகிறது. யோசித்தால், அலுவலகமே எள்ளி நகையாடிய ஒருவருக்கு அவர் மட்டும் ஒரு சின்ன அந்தரங்கத்தை விட்டுவைக்கிறார் என்று தோன்றுகிறது.

கருத்துரைத்தலும் திருத்தமும்

கதைசொல்லி தம் கருத்தைச் சொல்லலாமா? சொல்லலாம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, கதை முடிந்த பிறகு வாசகரைப் பார்த்து நேராகப் பேசுகிறது: “இதுதான், ஐயா, பொன்னகரம்!” அந்த வரி அங்கே நிற்பதற்குக் காரணம், அது கதையை விளக்கவில்லை, வாசகரைக் குற்றக் கூண்டில் ஏற்றுகிறது. மேலும், கதையின் தொடக்கத்திலிருந்தே அதே ஏளனக் குரல்தான் பேசிக்கொண்டிருக்கிறது. புதியவர்களின் கதைகளில் வரும் கருத்துரை வேறு வகை. “பணம் வந்தால் பாசம் போய்விடும் அல்லவா” என்பது போல, காட்சியிலேயே புரிந்துவிட்டதைத் திரும்பச் சொல்வது. கருத்துரை வாசகருக்குத் தெரியாத எதையாவது கொண்டுவருகிறதா என்று மட்டும் கேளுங்கள். முத்திரைத்தாளைப் பற்றிய சோமசுந்தரத்தின் அனுபவம் கொண்டுவருகிறது. பாசத்தைப் பற்றிய வரி கொண்டுவரவில்லை.

வரைவு முடிந்ததும் சில நாட்கள் தள்ளி வைத்துவிட்டு, அச்சிட்ட தாளில் வண்ணப் பென்சில்களோடு உட்காருங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறம், கதைசொல்லிக்குத் தனியாக ஒரு நிறம். வாக்கியம் யாருடைய மனத்தில் இருக்கிறதோ அந்த நிறத்தில் அடிக்கோடிடுங்கள். யாருடையது என்று முடிவு செய்ய முடியாத வாக்கியங்களை வட்டமிட்டுத் தனியாக எடுத்துத் திருத்துங்கள். ஒரு நிறம் கதை முழுவதிலும் ஒரே ஒரு தடவை வந்தால், அந்த மனத்துக்குள் போனது அவசியமா என்று பாருங்கள். சிங்கத்தைப் போல அவசியமாகவும் இருக்கலாம். நிறங்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறினால் நடுவில் பாலங்கள் இல்லை என்று பொருள். கதைசொல்லியின் நிறம் முதல் பக்கத்தில் வந்துவிட்டுப் பிறகு காணாமல் போயிருந்தால், கதையை நடுவழியில் யாரோ ஒரு பாத்திரம் கைப்பற்றிவிட்டது. அப்போது இரண்டு வழிகள்தான்: அந்தப் பாத்திரத்தின் பார்வையிலேயே முதல் பக்கத்தையும் திருப்பி எழுதுவது, அல்லது கதைசொல்லி காணாமல் போன இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கே அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தியைக் கொடுத்துப் பேச வைப்பது.